மழையில் ஒருவரை நிற்கவைத்த அக்கா

ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதிக் கட்டை வாங்கியதும் அக்கா அதை மேசையில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் தட்டி ஓரம் சேர்ப்பார். பிறகு கட்டைவிரலால் விளிம்பை ஒரு ஓட்டு ஓட்டுவார். முந்நூறு பக்கமும் சரசரவென்று புரண்டு ஓயும். அதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். இருந்தாலும் ஒரு மரியாதைக்குக் கேட்பார்: "வர்க்கமா, மனசா, பொண்ணா?"

வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர் புதியவர் என்றால் திருதிருவென்று விழிப்பார். விஷயம் தெரிந்தவர் என்றால், "இல்லக்கா, அமைப்பியல்" என்பார். அக்கா உச்சுக்கொட்டியபடி கட்டைக் கீழே வைப்பார். "அப்ப கட்டம் கட்டமா வரும். அம்புக்குறி எத்தனை? இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் நடுவுல ஒண்ண நுழைக்காதீங்க."

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே இருக்கிறது அவருடைய தட்டச்சுக் கடை. அகலம் பத்தடி இருந்தால் அதிகம். இரண்டு கணினி, பக்கவாட்டில் ஓர் அடி வாங்கினால்தான் காகிதத்தை விடும் அச்சு இயந்திரம் ஒன்று, வாடிக்கையாளருக்கு முதுகில்லாத ஒரு முக்காலி. முதுகுள்ள நாற்காலி போட்டால் உட்கார்ந்து கொள்கையை விளக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அக்காவின் அனுபவம். சுவர் முழுக்கப் பலகை அடித்து, தான் அடித்துக்கொடுத்த ஆய்வேடுகளின் பிரதிகளை அடுக்கியிருக்கிறார். அவற்றில் நாற்பத்து மூன்று ஒரே நாவலைப் பற்றியவை. என்னுடையது மேலிருந்து இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில், கொஞ்சம் கரையான் கண்ட நிலையில் இருக்கிறது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கால் பெருவிரலால் தரையில் தாளம் போட்டபடிதான் அடிப்பார். கால் நின்றால் கையும் நிற்கும். வெந்நீரைத் தவிர வேறெதுவும் குடிக்கமாட்டார். பேசிக்கொண்டே அடிப்பார், சிரித்துக்கொண்டே அடிப்பார், தொலைபேசியைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மகளைத் திட்டிக்கொண்டே அடிப்பார். அச்சாகி வரும் பக்கத்தில் ஓர் ஒற்றெழுத்துக்கூடப் பிசகியிருக்காது. இந்தத் தெருவில் அவருக்குப் போட்டியாக இரண்டு கடைகள் உண்டு. அங்கே போகிறவர்கள் திருத்தம் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டு இங்கேதான் வந்து சேர்வார்கள். "என் கையில பிழை வராது தம்பி. வந்தா அது நீங்க எழுதினதா இருக்கும்" என்பார். இதைப் பெருமையடிக்கிற தொனியில் அல்ல, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்கிற தொனியில் சொல்வார்.

ஆனால் ஆய்வாளர்களின் வழக்கம் வேறு. வாய்மொழித் தேர்வில் ஒரு தவறு பிடிபட்டால், ஆண்டைத் தப்பாகப் போட்டிருந்தாலும் சரி, அடுத்தவர் கட்டுரையை அப்படியே இறக்கியிருந்தாலும் சரி, "தட்டச்சுப் பிழை ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது காதில் விழும்போதெல்லாம் அக்கா, "சொல்லிட்டுப் போகட்டும், பாஸானா சரி" என்று விட்டுவிடுவார்.

அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. அடிப்பதைப் படிக்கக் கூடாது. "படிச்சா மனசு அதுல போயிடும், விரல் தப்பிடும்." ஆனால் நாற்பத்து மூன்று ஆய்வேடு ஒருவருடைய விரல் வழியாகப் போனால் கொஞ்சமாவது ஒட்டாமலா இருக்கும்? திறனாய்வுக் கோட்பாடுகளைப் பற்றி அவர் முக்காலி வாடிக்கையாளர்களிடம் சொன்னவற்றை நான் குறித்து வைத்திருக்கிறேன். எங்கள் துறையில் ஒரு வருடம் நடத்திய பாடத்தைவிட அவை தெளிவாகவே இருக்கின்றன.

மார்க்சியம் பற்றி: "மேல நாலு வரி, கீழ நாப்பது வரி அடிக்குறிப்பு. வீட்டைவிட அஸ்திவாரம் பெரிசு. ஆனா ஆளுங்க நல்லவங்க, எனக்கு முதுகு வலிக்குதான்னு கேக்கறது அவங்க மட்டும்தான்."

உளப்பகுப்பாய்வு பற்றி: "எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு 'ஒருவேளை'. ஒரு பக்கத்துல பதினோரு 'ஒருவேளை' எண்ணியிருக்கேன். கதையில வர்றவ தலை வாரினாக்கூட அவங்கப்பாதான் காரணம்." இந்தப் பதினோரு 'ஒருவேளை'க்குச் சொந்தக்காரன் நான்தான் என்பதை அடக்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பெண்ணியம் பற்றி: "கோபம் நியாயமான கோபம். ஆனா ஆச்சரியக்குறி மூணு போடுறாங்க. நான் ரெண்ட எடுத்துடுவேன். ஒண்ணு நின்னாத்தான் உறைக்கும்."

கட்டுடைப்பு பற்றித்தான் அவருக்குத் தீராத மனத்தாங்கல். அதில் சில சொற்களை எழுத வேண்டும், எழுதியதன் மேல் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்த சொல்லும் தெரிய வேண்டும். "வர்றேன்னும் சொல்லாம வரலைன்னும் சொல்லாம நம்மள காக்க வைக்கிற சொந்தக்காரங்க மாதிரி. வேணும்னா வை, வேண்டாம்னா எடு!"

இத்தனை பேரும் கூறுபோட்டுக்கொண்ட அந்த நாவல் எண்பது வருடத்துக்கு முந்தையது. கதை பெரியதில்லை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்விடுகிறான். மனைவி ஒரு தையல் இயந்திரத்தை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். நான்காம் அத்தியாயத்தில், ஆண் துணையில்லாத வீடு என்று இரும்புக்கடையில் ஒரு சங்கிலி வாங்கிவந்து, கதவின் உட்பக்கம் தன் கையாலேயே பொருத்துகிறாள். பதினோரு வருடம் கழித்து, மழை கொட்டும் ஒரு பிற்பகலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கடைசி வரிகள் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: 'கதவைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள்.'

அவ்வளவுதான், நாவல் முடிந்தது. திரும்பி வந்த கணவனின் முகத்தில் கதவைச் சாத்துகிறாள். ஏன்? இந்த 'ஏன்'தான் நாற்பத்து மூன்று பேருக்கும் பட்டம் கொடுத்தது. தன் உழைப்பில் நின்ற வீட்டை உழைக்காதவனுக்கு மறுக்கிறாள் என்றது மார்க்சியம். இந்த மொழியில் ஒரு பெண் சொன்ன முதல் 'முடியாது' இதுதான் என்றது பெண்ணியம். உள்ளே வெளியே என்ற எதிரிணையின் கடைசிச் சமன்பாடு என்று அமைப்பியல் கட்டம் போட்டுக் காட்டியது. மூடப்பட்ட கதவு மூடப்படவே இல்லை என்று கட்டுடைப்பு சொன்னது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சங்கிலியையும் விட்டுவைக்கவில்லை. ஒருவருக்கு அது உழைப்பவரைப் பிணைத்த தளை, இன்னொருவருக்குத் திருமணம், எனக்கு உள்மனத் தடை. அறுபத்தேழு பக்கம் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் எங்கள் துறைத்தலைவர். 'மூடிய கதவு' என்ற அவருடைய கட்டுரைதான் ஆரம்பம். மாணவர்கள் அவரைக் கதவுப் பேராசிரியர் என்றே சொல்வார்கள். அவருக்கும் தெரியும், உள்ளூர அதில் ஒரு சந்தோஷமும் உண்டு. அந்த நாவல் பல காலம் அச்சில் இல்லாமல் கிடந்தபோது, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நூலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பழைய பிரதியிலிருந்து மாணவர் பதிப்பு கொண்டுவந்தவர் அவர். அதைத் தட்டச்சு செய்தது அக்கா. கடை திறந்து அவருக்கு வந்த முதல் பெரிய வேலை அது. எங்கள் எல்லோருடைய மேற்கோளும் அந்தப் பதிப்பிலிருந்துதான்.

போன வருடம் பல்கலைக்கழகம் நாவலுக்கு, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய ஒரு செம்பதிப்பு கொண்டுவர முடிவு செய்தது. பதிப்புக் குழுவில் கடைசி நாற்காலி எனக்குக் கிடைத்தது. பழைய கோப்பைத் திறந்தால் எழுத்துருவெல்லாம் உடைந்து பூச்சி பூச்சியாக வந்தது. மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. நூலகத்தில் சொல்லி, கையெழுத்துப் போட்டு, அந்தப் பழைய பிரதியைப் பிரித்த தலையணை உறைக்குள் வைத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் நானே தூக்கிவந்து அக்காவிடம் கொடுத்தேன்.

பதினாறு நாள் அடித்தார். பதினாறாம் நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசி அத்தியாயம். புத்தகத்தைப் பார்க்காமலேயே கடைசி மூன்று சொற்றொடரையும் அடித்தார். நாற்பத்து மூன்று முறை அடித்த வரியாயிற்றே. 'மூடினாள்' என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, புத்தகத்தை மூடுவதற்காக எடுத்தவர், பின்னட்டைக்கு முன்னால் ஒரு தாள் பாக்கியிருப்பதைப் பார்த்துத் திருப்பினார். தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கால் நின்றது.

"தம்பி," என்றார். "இங்க வாங்க."

வலது பக்கத்தின் அடியில், கடைசி வரியில், 'மூடினாள்' என்று இருந்தது. அதற்குக் கீழே இடமில்லை. தாளைத் திருப்பினால், அடுத்த பக்கத்தின் உச்சியில், தனியாக ஒரே ஒரு வரி:

'சங்கிலியைக் கழற்றினாள். கதவை அகலத் திறந்தாள்.'

நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. முதலில் எனக்குத் தோன்றியது நாவலைப் பற்றியோ அந்தப் பெண்ணைப் பற்றியோ இல்லை. என்னுடைய அறுபத்தேழு பக்கத்தைப் பற்றித்தான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. எழுந்து, பலகையிலிருந்து மாணவர் பதிப்பை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பழைய பிரதியின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான்தான். பக்கம் முடிஞ்சுது, 'மூடினாள்'னு இருந்துச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். தாளத் திருப்பல."

"அக்கா, இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு இப்ப எப்படி..."

"எனக்குத் தெரியும். பொண்ணுக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துலேந்து போன் வந்துச்சு. அவசரமா முடிச்சுட்டுப் போனேன். அதுக்காகக் காய்ச்சல் மேல பழி போட முடியுமா? திருப்பல, அவ்வளவுதான்."

அப்போது அவருடைய கணவர் மதியச் சாப்பாட்டு அடுக்கோடு உள்ளே வந்தார். அவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். எதிர்க் கட்டடத்தில் வேலை இருக்கும் நாட்களில் இங்கே வந்துதான் சாப்பிடுவார். நாவலையோ எங்கள் ஆய்வேடுகளையோ அவர் தொட்டதில்லை. அக்கா அவரிடம் விஷயத்தைச் சொன்னார்: கதவைத் திறந்தவள் ஏன் மூடினாள் என்று இத்தனை பேர் இத்தனை வருடம் எழுதினார்கள், இப்போது பார்த்தால் இப்படி இருக்கிறது என்று.

அவர் அடுக்கைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "உள்ள சங்கிலி மாட்டியிருந்தாளா?"

"ஆமா. நாலாம் அத்தியாயத்துல வாங்கி மாட்டுறா."

"அப்புறம் என்ன? சங்கிலி மாட்டின கதவு நாலு விரக்கடைதான் திறக்கும். யாருன்னு பாத்துட்டு, மூடினாத்தான் சங்கிலியக் கழட்ட முடியும். மூடாம எப்படித் திறப்பா?" என்று சொல்லிவிட்டு, "ஊறுகா வைக்கலியா?" என்றார்.

தளை, திருமணம், உள்மனத் தடை என்று எழுதிய நாற்பத்து மூன்று பேரில் ஒருவருக்குக்கூட, கதவில் மாட்டிய சங்கிலி என்ன வேலை செய்யும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அக்கா சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, அந்த போஸ்ட்மாஸ்டர் பெரியவர் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

இருந்தது. வாசகர் எதிர்வினைக் கோட்பாட்டை வைத்து ஒரு மாணவி செய்த ஆய்வேட்டில் வருகிறவர் அவர். அறுபது வாசகர்களிடம் நாவலின் முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாள் அந்த மாணவி. முப்பத்தோராம் வாசகர் ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி. சின்ன வயதில் பழைய பதிப்பைப் படித்தவர். 'அவள் கதவைத் திறந்துவிடுகிறாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது' என்று எழுதியதோடு நிற்காமல், துறைக்கு இரண்டு கடிதமும் போட்டார். வாசகர் தன் விருப்பத்தைப் பிரதியின் மேல் ஏற்றிப் பார்ப்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்று அவருக்கு ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் கொடுத்தார்கள். வயதானவர்களின் நினைவு எப்படிப் புனைந்துகொள்ளும் என்பதற்கும் அவரையே மேற்கோள் காட்டினார்கள்.

"அவர் சொன்னதுதானே சரி?" என்றார் அக்கா. "இருக்காரா? போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

நான் அன்று மாலையே விசாரித்தேன். அவர் இறந்து மூன்று வருடமாகிவிட்டது. அதை நான் அக்காவிடம் சொன்னேன். பலகையில் அந்த ஆய்வேடு இருக்கும் இடத்தை ஒரு தரம் பார்த்தார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். பழைய பிரதியில் அந்த வரியைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். செம்பதிப்பும் 'மூடினாள்' என்றே முடிந்திருக்கும், கடையின் பெயரும் கெடாமல் இருந்திருக்கும், நானும் ஆய்வேட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். இந்த யோசனையை நான் மெல்ல எடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, பதினோரு வருஷம் கழிச்சு அந்த ஆளு வந்திருக்காரு. அவ திறந்துட்டா. உள்ள போகாம அவரு மழையில நிக்கறாரு, யாரால? என்னால. இருபத்திரண்டு வருஷமா நிக்க வச்சிருக்கேன். இனிமேலும் நிக்க வைக்கவா?"

அடுத்த வாரம் பதிப்புக் குழுக் கூட்டம். அக்கா தானே வந்தார். நீள மேசையின் ஒரு தலையில் கதவுப் பேராசிரியர், ஒரு பக்கம் மார்க்சியப் பேராசிரியரும் பெண்ணியப் பேராசிரியையும், எதிர்ப்பக்கம் கட்டுடைப்பு இளைஞர், கடைசியில் நான். அக்கா உட்காரவில்லை. பழைய பிரதியைப் பேராசிரியர் முன்னால் பிரித்து வைத்து, தாளைத் திருப்பிக் காட்டினார். "சார், இந்த வரிய நான் விட்டுட்டேன். தப்பு என்னுது. இப்ப சேர்க்கணும்."

பேராசிரியர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். அவருடைய கழுத்து மெதுவாகச் சிவந்தது. மாணவர் பதிப்பைப் பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகக் கையெழுத்திட்டவர் அவர்தான் என்பது அந்த மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

"இது இவ்வளவு சுலபமான விஷயம் இல்லம்மா," என்றார் கடைசியில். "ஒரு தலைமுறையே படிச்சது அந்த முடிவைத்தான். பிரதிக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கு."

கட்டுடைப்பு இளைஞருக்கு ஒரே குதூகலம். "ஆசிரியர் எழுதினதுதான் நாவல்னு யார் சொன்னா சார்? விடுபட்டதும் ஒரு எழுத்துதான்."

மார்க்சியர் தலையை ஆட்டினார். "திறந்துட்டான்னா அது சமரசம். நாவலோட அரசியலே நீர்த்துப்போயிடும். அவசரப்பட வேண்டாம்."

பெண்ணியப் பேராசிரியை கசப்போடு சொன்னார்: "என் மாணவிகளுக்கு நான் என்ன பதில் சொல்றது? கதவைச் சாத்தின ஒரு பெண்ணை நம்பி எத்தனை பேர் எழுந்து நின்னிருக்காங்க தெரியுமா?"

கோட்பாடு எது என்று கேட்டால் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிற இந்த நான்கு பேரும், ஒரு வரியைச் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள்.

அக்கா எல்லோரும் பேசி முடிக்கும்வரை நின்றார். பிறகு பெண்ணியப் பேராசிரியையைப் பார்த்துத்தான் பேசினார். "மேடம், சாத்தறதா இருந்தா அவளே சாத்தியிருக்கணும். இவ சாத்தல. நான் சாத்தினேன். நான் பண்ணினதுக்கு அவள நீங்க பாராட்டிக்கிட்டு இருக்கீங்க."

பேராசிரியை கை நீட்டிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். "அகலத் திறந்தாள்னுதான் இருக்கு," என்றார் மெதுவாக. "'வா'ன்னு கூப்பிட்டதா இல்லையே. யார் வரணும் வரக்கூடாதுங்கற முடிவை அவ கையில வச்சிருக்கா. இது வேற மாதிரி பலம்."

"கழட்டறது அவ கைதான், கவனிங்க," என்றார் மார்க்சியர் எட்டிப் பார்த்து. "தான் மாட்டின தளையத் தானே நீக்கறா."

"மூடினாத்தான் திறக்க முடியும்!" என்று கட்டுடைப்பு இளைஞர் மேசையைத் தட்டினார். "இதத்தானே நான் அப்பவே எழுதினேன்!"

அரை மணி நேரத்தில் அந்த வரிக்கு மூன்று விளக்கம் தயாராகிவிட்டது. எனக்கே நான்காவதாக ஒன்று மூளையில் ஓட ஆரம்பித்ததை என்னவென்று சொல்ல. அக்கா என் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் நாப்பது கட்டு வரும் போலிருக்கே" என்று முணுமுணுத்தார். வரி சேர்க்கப்படும் என்று தீர்மானமானது. பேராசிரியர் மட்டும் இந்த விளக்கங்களில் கலந்துகொள்ளவில்லை. எழுந்து போகும்போது அக்காவிடம் தனியாக, "உங்க பேர் கெடாம நான் பாத்துக்கறேன்மா" என்றார். அதில் கனிவும் இருந்தது. தன்னைக் காத்துக்கொள்கிற கவனமும் இருந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செம்பதிப்பின் முன்பக்கங்கள், பிழை பார்த்துத் திருத்துவதற்கான மெய்ப்பாக, போன வாரம் கடைக்கு வந்தன. பதிப்புரையின் அடியில் சின்ன எழுத்தில் பேராசிரியர் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார்: 'முந்தைய பதிப்பில், அச்சகத்தாரின் கவனக்குறைவால் நாவலின் இறுதி வரி விடுபட்டுவிட்டது.' அந்த அச்சகம் மூடிப் பல வருடமாகிறது. அதை நடத்தியவரும் இப்போது இல்லை. மறுத்துப் பேச ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் பழியை இறக்கியிருந்தார்.

நான் அதைப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சுக்கா. யாருக்கும் பாதகமில்ல," என்றேன். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. கடை வாசலில் இரண்டு புது மாணவிகள் கட்டுகளோடு காத்திருந்தார்கள். பிழையே வராத கடை என்று யாரோ சொல்லி அனுப்பியவர்கள்.

"அந்த அச்சகக்காரர் என்ன பண்ணினாரு?" என்றார் அக்கா. "நான் அடிச்சுக் குடுத்தத அப்படியே அச்சடிச்சாரு. ஏற்கெனவே ஒரு பெரியவர் ஞாபகப் பிசகுன்னு பேர் வாங்கிட்டுப் போய்ச் சேர்ந்தாரு. அது போதாதா?"

"அக்கா, இது புத்தகம். இன்னும் அம்பது வருஷம் இருக்கும்."

"இருக்கட்டுமே."

மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க, மெய்ப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தார். 'அச்சகத்தாரின்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேலே, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.